நாலு பேராகச் சிங்கப்பூர் போனால்: தோட்டமும் சாப்பாடும்

நண்பர்களோடு வெளிநாடு போனால் முதல் சண்டை சாப்பாட்டில்தான் வரும். ஒருவனுக்குப் பத்து மணிக்கு முன் பசிக்காது, ஒருவன் சைவம், இன்னொருவன் கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் பார்ப்பான். எங்களுக்கு முதல் நாளே இது நடந்தது. அப்புறம் பிடிபட்ட வழி இதுதான்: வெயிலைப் பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தோட்டம், மதியம் சாப்பாடு, பொழுது சாய்ந்ததும் இன்னொரு தோட்டம்.

காலைக்குத் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள், ஆனால் அங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான் என்பதால் அடித்துப்பிடித்து ஓட வேண்டாம். பொட்டானிக் கார்டன்ஸ் என்று பெயர் போட்ட ஸ்டேஷனில் நாங்கள் இறங்கினோம், அது பூங்காவின் ஒரு கோடி, ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நேப்பியர் ஸ்டேஷனில் இறங்கி டாங்லின் வாசல் வழியாகப் போய்ப் பாருங்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமை அங்கே பார்க்கலாம். புல்வெளியில் ஒரு பெரிய தெம்புசு மரம், தரையோடு படுத்த கிளையோடு நிற்கும். ஐந்து டாலர் நோட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், அதே மரம். ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்பவர் சோதித்துப் பார்த்ததும் இந்தப் பூங்காவில்தான். மலாயாத் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்டப் போன நம் ஆட்களின் கதைக்கு ஒரு நுனி இங்கே கிடக்கிறது, எனக்கு ஆர்க்கிட்டைவிட அதுதான் மனதில் நின்றது.

மதியத்துக்கு ஹாக்கர் சென்டர், அதாவது ஒரே கூரைக்கடியில் நிறையச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற இடம். மேக்ஸ்வெல், லாவ் பா சாட், லிட்டில் இந்தியாவின் தேக்கா என்று நிறைய இருக்கின்றன. முதலில் இடம் பிடியுங்கள். மேஜைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ விட்டுப்போனது இல்லை, அந்த மேஜைக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நீங்களும் அப்படியே ஒன்றைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆளுக்கு ஒரு கடை, ஆளுக்கு ஒரு தட்டு, நடுவில் வைத்து நாலு பேரும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் நாள் ஒரே கடையில் நாலு சிக்கன் ரைஸ் வாங்கிவிட்டு, பக்கத்து மேஜையில் லக்சாவை, தேங்காய்ப்பால் குழம்பில் மிதக்கும் நூடுல்ஸை, பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தோம்.

சைவ நண்பர் இருந்தால் கொஞ்சம் கவனம். கறி போடவில்லை என்றாலும் லக்சா குழம்பிலும், பழமும் காயும் கலந்த ரோஜாக்கிலும் இறால் இருக்கும், சிக்கன் ரைஸில் சோறே கோழிச் சாற்றில் வெந்தது. தேக்காவில் தோசை, இட்லிக்குக் குறைவில்லை. சீன சைவக் கடைகளும் உண்டு, ஆனால் அங்கே சோயாவில் செய்த 'வாத்துக்கறி' தோலும் மடிப்புமாக அசல் போலவே இருந்ததால் எங்கள் ஆள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான், சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காபிக்கு நாலு சொல் தெரிந்தால் போதும். வெறும் 'கோப்பி' என்றால் கன்டென்ஸ்டு மில்க் போட்டது, 'கோப்பி ஓ' பாலில்லாமல் சர்க்கரை மட்டும், கடைசியில் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரையும் இல்லை, 'பெங்' என்றால் ஐஸ். சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வையுங்கள், அது அங்கே சட்டம். ஹலால் தட்டுக்குத் தனி அலமாரி இருக்கும், பார்த்து வையுங்கள்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தால், இரண்டாவது தோட்டமான கார்டன்ஸ் பை தி பேயின் கிளவுட் ஃபாரஸ்டுக்குள் போய்விடுங்கள். கண்ணாடிக் கூடத்துக்குள்ளேயே 35 மீட்டர் அருவி, குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும். டிக்கெட் விலை கொஞ்சம் உறைக்கும். வெளியே மரம் போலக் கட்டிய உயரமான சூப்பர்ட்ரீ கோபுரங்களின் விளக்குக் காட்சி இரவு 7:45க்கும் 8:45க்கும், இலவசம். நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும், தரையில் மல்லாந்து படுத்துவிடுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் கிடப்பார்கள்.

பணத்துக்கு ஒருவரைப் பொருளாளர் ஆக்கி, தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று காலையிலேயே வாங்கிவிடுங்கள். சில்லறை நோட்டு கையில் இருந்தால் சின்னக் கடைகளில் சிரமமில்லை.

வாடை தூக்கும் டுரியான் பழம் வாங்கினால் கடை வாசலிலேயே தின்று முடித்துவிடுங்கள். ரயிலில் அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள், பெரும்பாலான ஓட்டல் அறைகளிலும் இதே கதைதான்.