ஃபிரெய்ட் (கப்பல் வாடகை) ஏறும்போது விலை போடுவதில் வரும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் இறக்குமதி கன்டெய்னர் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். என் 2021 நோட்டையே திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது. பில்லைத் தொலைப்பது, டாலர் ரேட்டை மறப்பது எல்லாம் ஒருமுறை அடிபட்டால் சரியாகிவிடும். நான் சொல்லவந்தது வேறு.

ஃபிரெய்ட்டைச் சரக்கின் மதிப்பை வைத்துப் பிரிப்பது

சீனாவிலிருந்து சென்னைக்கு நாற்பது அடிக் கன்டெய்னர் ஒன்று எடுத்தேன். 6 லட்சத்துக்கு பிளாஸ்டிக் டப்பா, 18 லட்சத்துக்குக் கத்தரிக்கோல். ஃபிரெய்ட் 6 லட்சம். மதிப்புப்படி பிரித்து, டப்பா தலையில் ஒன்றரை லட்சம் போட்டேன். ஆனால் கன்டெய்னரில் முக்கால்வாசி இடம் டப்பாவுக்குத்தான். கப்பல்காரன் காசு வாங்குவது இடத்துக்கு. டப்பா சுமக்க வேண்டியது நாலரை லட்சம்.

மொத்தம் 30,000 டப்பா. ஒன்றுக்கு 10 ரூபாய் குறைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நான் வைத்த லாபமோ 4 ரூபாய். தெருவிலேயே என் கடைதான் மலிவு என்று மொத்த வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை வேறு! கத்தரிக்கோல் மேல் வீண் பாரம் ஏற்றியதால் அது பக்கத்துக் கடையைவிட விலை கூடி, குடோனில் தூசி படிந்தது. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் பேக்கிங் லிஸ்ட்டிலேயே ஒவ்வொரு சரக்குக்கும் சி.பி.எம். (எத்தனை கன மீட்டர் இடம் அடைக்கும் என்ற அளவு) அச்சாகி இருந்தது. ஃபிரெய்ட் ஏறினால் பிளாஸ்டிக் வாளி விலை குதிப்பதும் மொபைல் விலை அசையாமல் இருப்பதும் இடம் அடைப்பதில் உள்ள இந்த வித்தியாசத்தால்தான்.

வரி தனி என்று நினைப்பது

சுங்க வரி ஃபிரெய்ட்டையும் இன்சூரன்ஸையும் சேர்த்த மதிப்பின் மேல் விழுகிறது. 20 சதவீத அடிப்படை வரி, அந்த வரித்தொகையின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் உள்ள சரக்கென்றால், ஃபிரெய்ட் ஒரு லட்சம் ஏறும்போது வரியும் 22,000 ஏறும். இறக்குமதியில் கட்டும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி., நாம் விற்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழிந்து கிரெடிட்டில் திரும்பும், இந்தச் சுங்க வரி திரும்பாது.

"நம்ம சரக்கு சூயஸ் வழியா வரலையே"

2023 கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சிக்காரர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், சூயஸ் வழியாக ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டதால் கப்பலும் காலி கன்டெய்னரும் அங்கேயே மாட்டிக்கொண்டன. அந்தத் தட்டுப்பாட்டில் சென்னைக்கான ரேட்டும் ஏறியது.

டெமரேஜ்

கன்டெய்னரைத் தாமதமாக எடுத்தால் நாள்கணக்கில் விழும் கட்டணம்தான் இது. அது விழாத ஃப்ரீ டேஸ் எத்தனை என்று புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஏறிய ரேட் இறங்காது என்று சரக்கைக் குவிப்பது

2022 பிற்பாதியில் ஃபிரெய்ட் மளமளவென்று சரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் புது ரேட்டில் இறக்கினார். ஏறிய ரேட்டில் எடுத்த என் கத்தரிக்கோலில் மூன்று பெட்டி இன்னும் குடோனில்தான் கிடக்கிறது.