கோழியைத் தின்றது உடும்புதானா? கொல்லையில் தடயம் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பாலிக் புலாவிலோ நிபோங் தெபாலிலோ கம்பத்து (கிராமத்து) வீட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. விடிந்ததும் கொல்லைக்குப் போனால் மரவள்ளிப் பாத்தி அலங்கோலமாகக் கிடக்கும். கோழிகளை எண்ணினால் ஒன்றிரண்டு குறையும். அந்த நேரம் பார்த்து ஓர் உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டு வேலியோரம் போனால் போதும், "அண்ணே, அதுதாண்ணே திருடன்!" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கட்டையைத் தூக்கிவிடுவார்.

கண்ணில் பட்டதைக் குற்றவாளியாக்குவதுதான் எல்லாத் தவறுக்கும் மூலம். உடும்பு பகலில் திரியும் பிராணி, செத்ததையும் தின்னும். ராத்திரி வேறொன்று கொன்று போட்ட கோழியின் வாடைக்கு அது காலையில் வந்திருக்கலாம். பகலில் முட்டையும் குஞ்சும் காணாமல் போனால் அதைத் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ராத்திரியில் பெரிய கோழியே சுவடில்லாமல் மாயமானால் மலைப்பாம்பு நினைவுக்கு வரவேண்டும். கோழியை விழுங்கிய பாம்பு, உள்ளே வந்த சந்து வழியே திரும்ப முடியாமல் கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதுண்டு. அதனால் இருட்டில் கையை விட்டு முட்டை துழாவாதீர்கள். கோழிகள் கூட்டமாகச் செத்துக் கிடந்து, தின்றது என்னவோ கொஞ்சம்தான் என்றால், அது பெரும்பாலும் தெருநாய்களின் வேலை.

இன்னொரு வழக்கம், முதலில் பெருக்கி, தண்ணீர் அடித்துவிட்டு, அப்புறம் யோசிப்பது. விளக்குமாறு தொடும் முன் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கால்தடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐம்பது காசு வைத்து எடுத்தால் அளவு தெரியும். மழையில் நனைந்த தடத்தை நம்பவேண்டாம். ஓரம் கரைந்து பூனைத் தடம்கூடப் புலித்தடம் மாதிரி விரிந்துவிடும். சந்தேகமான இடத்தில் சாயங்காலம் சலித்த மணலைப் பரப்பிவைத்தால் காலையில் தடம் துல்லியமாக விழுந்திருக்கும். கோல மாவைத் தூவாதீர்கள். அதைத் தின்பதற்கென்றே எலி வரும்.

மண் கிளறியிருந்தாலே காட்டுப்பன்றி என்பார்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் ஒட்டிய வீடுகளில் அது நடக்கக்கூடியதுதான், ஆனால் மரவள்ளியைத் தின்ன வருவது பன்றி மட்டுமல்ல. பன்றி வந்த இடம் கலப்பை ஓடினாற்போல இருக்கும்: பாத்தியே புரண்டிருக்கும், செடி சாய்ந்திருக்கும், பக்கத்து மரத்தில் சேறு தேய்த்த கறையும் முரட்டு மயிரும் ஒட்டியிருக்கும். ஈர மண்ணில் பிளவுக் குளம்பின் தடத்துக்குப் பின்னால் இரண்டு சிறு புள்ளிகளும் பதிந்திருக்கும். முள்ளம்பன்றி அப்படிப் பாத்தியைப் புரட்டாது. கிழங்கு இருக்கும் இடத்தைத் தோண்டிக் கடிக்கும். கடித்த கிழங்கிலும் மரத்தின் அடிப்பட்டையிலும் உளி வைத்துச் செதுக்கியது போல அகலமான இரட்டைப் பல் கோடு தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு முள்ளும் கிடைக்கும். மேல்மண் கலையாமல், செடியும் நேராக நின்று, பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு மட்டும் குடைந்திருந்தால் பெருச்சாளி. அதற்குப் போய்ப் பன்றிக்கு வேலி கட்டினால் காசுதான் வீண். இலையும் நுனியும் மேலிருந்து இழுத்துக் கிழிக்கப்பட்டிருக்கிறதா? பக்கத்துக் கம்பத்து மாட்டை விசாரியுங்கள்.

பழத்தைப் பொறுத்தவரை எப்போது, எப்படி என்று இரண்டு கேள்வி கேட்டால் பாதி வழக்கு முடியும். குரங்கு பகலில் கூட்டமாக வரும். காயோ பழமோ, ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிக்கும், கிளையையும் ஒடிக்கும். அணிலும் பகலில்தான் வரும், ஆனால் சத்தமில்லாமல் ஓரிடத்தில் கொறித்துக் குடையும். ராத்திரி வரும் மூசாங் (மரநாய்) கனிந்த பப்பாளியாகப் பார்த்துத் தின்னும். மதில்மேலோ கூரைமேலோ விதை விதையாகக் கழிந்துவிட்டுப் போகும். பூனை அப்படிப் போடாது, மண்ணைத் தள்ளி மூடிவிடும். வௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருட்டித் துப்பும். மரத்தடியில் சக்கை உருண்டைகளும் சுவரில் தெறித்த எச்சமும் கிடந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடித்த பக்கத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது நம் வீடுகளில் சகஜம். 1998, 99இல் இந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிப்பா கிருமியின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால்தான். வௌவால் கடித்துப் போட்ட பழம் வழியாகப் பன்றிப் பண்ணைக்குள் நுழைந்து, பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். ஒரு பப்பாளிக்காக அந்த ஆபத்து வேண்டாம். முழுப் பழத்தையும் கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

எல்லாப் பழியும் விலங்குக்கே போவதும் தவறுதான். தென்னை ஓலை கத்தரியால் வெட்டியது போல முக்கோண முக்கோணமாக இருந்தால் குரங்கைத் திட்டாதீர்கள். குருத்துக்குள் துளைத்த காண்டாமிருக வண்டின் வேலை அது. நாற்று இலை ஓட்டை ஓட்டையாகி, பளபளவென்று காய்ந்த கோடும் இருந்தால் நத்தை.

கூரைக்குள் சத்தம் கேட்டால் அன்றைக்கே ஓட்டையை அடைக்க ஆள் கூப்பிடுகிறார்கள். குடுகுடுவென்று ஓடினால் எலி. தொம்மென்று கனமாக விழுந்து நடந்தால் மூசாங்காக இருக்கலாம், உள்ளே குட்டியும் இருக்கலாம். தாய் வெளியே போன நேரம் பார்த்து அடைத்தால் குட்டி உள்ளேயே செத்து வீடே நாறும். தாய் திரும்பி வந்து கூரையைப் பிய்க்கும்.

கடைசியாக, கண்ணியும் விஷமும். மூசாங், குரங்கு, காட்டுப்பன்றி எதுவாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணி வைப்பதும் அப்படியே. வைத்த கண்ணியில் பன்றிக்குப் பதில் எறும்புத்தின்னி மாட்டினால் நிலைமை இன்னும் மோசம், அது முழுப் பாதுகாப்புப் பெற்ற உயிர். கறையான் புற்றை உடைத்துத் தின்பதைத் தவிர அது உங்கள் கொல்லைக்கு ஒரு கேடும் செய்வதில்லை. எடுத்து வைத்த படங்களோடு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள். கூண்டுக்குள் பாம்பு என்றால் அதற்கெல்லாம் காத்திருக்காமல் அவசர எண் 999ஐ அழையுங்கள்.