பழைய காப்பியர், புது சர்வர்: ஸ்கேன் ஏன் போகவில்லை

சர்வரை விண்டோஸ் சர்வர் 2019-க்கு மாற்றியதும் அலுவலகக் காப்பியரிலிருந்து ஃபோல்டருக்கு ஸ்கேன் போவது நின்றுவிட்டது. பிரிண்ட் வருகிறது, பிங் போட்டால் (இணைப்பு இருக்கிறதா என்று சோதித்தால்) பதில் வருகிறது. ஸ்கேன் மட்டும் ‘இணைக்க முடியவில்லை’ என்று நிற்கிறது. எல்லோரும் முதலில் பாஸ்வேர்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் சர்வரின் செக்யூரிட்டி லாகில் லாகின் முயற்சியே பதிவாகவில்லை. அப்படியென்றால் சிக்கல் அதற்கும் முந்தின கட்டத்தில். நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் முறை எஸ்எம்பி; காப்பியருக்கு அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். 2019 சர்வரில் அந்தப் பதிப்பு தானாக நிறுவப்படுவதில்லை.

அதை மறுபடி போட்டால் உடனே வேலை செய்யும், உண்மைதான். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது என்பதால் எனக்கு மனம் வரவில்லை. எஸ்எம்பி 2 தரும் ஃபர்ம்வேர் (காப்பியருக்குள் ஓடும் மென்பொருள்) இந்த மாடலுக்கு இல்லை. சரி, ஃபைல் அனுப்பும் இன்னொரு பழைய முறையான எஃப்டிபி!

விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸோடு வரும் எஃப்டிபி சேவையை நிறுவி, அதே ஸ்கேன் ஃபோல்டரைக் காட்டினேன். காப்பியருக்கென்று தனி யூசர், அந்த ஃபோல்டரைத் தவிர வேறெதிலும் அனுமதி கிடையாது. எஃப்டிபியில் பாஸ்வேர்டு அப்பட்டமாகப் போகும்; அதனால் ஃபயர்வாலில் காப்பியரின் ஐபிக்கு மட்டும் எஃப்டிபி லாகினுக்கான போர்ட் 21-ஐத் திறந்தேன். லாகின் ஆனது, ஃபைல் மட்டும் போகவில்லை. பாசிவ் மோடில் ஃபைலை வாங்க சர்வர் தனியாகப் பயன்படுத்தும் போர்ட்களையும் ஒரு சின்ன வரம்பு கொடுத்துத் திறந்த பிறகுதான் பிடிஎஃப் வந்து விழுந்தது.