த்ரீ பைன்ஸுக்கு வழி கேட்பவர்களுக்கு: நோல்டன் பயணம், படிப்படியாக

லூயிஸ் பென்னியின் ஆர்மண்ட் கமாஷ் துப்பறியும் நாவல்களில் வரும் த்ரீ பைன்ஸை மேப்பில் தேடாதீர்கள். அது கற்பனை ஊர். கதைக்குள்ளேயே எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர்தான். ஆனால் அதற்கு மண் கொடுத்த இடம் நிஜம்: கனடாவின் கியூபெக் மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டிய ஈஸ்டர்ன் டவுன்ஷிப்ஸ். அதில் முதலில் பார்க்க வேண்டியது நோல்டன். விசா, விமான டிக்கெட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், மான்ட்ரியலிலிருந்து தொடங்கலாம்.

படி 1: கார்

பஸ்ஸை நம்பி இந்தச் சுற்றை முடிக்க முடியாது. வாடகைக் கார்தான். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். சாவி வாங்கியதும் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்: மலைக்குள் பனித்துகள் பொறித்த முத்திரை இருக்க வேண்டும், நான்கிலும்.

படி 2: ஊர்ப் பெயர் (வழுக்குவது இங்கேதான்)

1971-ல் நோல்டனை அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்த்து லாக்-புரோம் என்று ஒரே நகராட்சியாக்கிவிட்டார்கள். அதனால் விலாசங்களில் சில சமயம் நோல்டன் இருக்கும், சில சமயம் லாக்-புரோம் இருக்கும். ‘லாக்’ என்றால் பிரெஞ்சில் ஏரி. வெறும் ‘லாக் புரோம்’ என்று போட்டால், மேப் உங்களை ஏரித் தண்ணீரின் நடுவில் நிறுத்தினாலும் நிறுத்தும். ‘புரோம்’ மட்டும் போட்டால் அது பக்கத்திலிருக்கும் வேறு கிராமம். வெஸ்ட் புரோம் இன்னொன்று. புரோமான்ட் என்பது பனிச்சறுக்கு ஊர், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊர்ப் பெயரையே போடாமல், ‘புரோம் லேக் புக்ஸ்’ என்ற புத்தகக் கடையின் பெயரைப் போடுங்கள். நேரே நோல்டன் நடுவில் இறங்கலாம்.

பாதை எளிது. ஆட்டோரூட் 10 என்ற விரைவுச்சாலையில் ஷெர்புரூக் திசையில் போய், எக்ஸிட் 90-ல் இறங்கி, 243-ஆம் எண் சாலையில் தெற்கே திரும்புங்கள். பலகையில் எக்ஸிட் என்று இருக்காது, ‘சோர்ட்டி’ என்றிருக்கும். எக்ஸிட் எண்கள் கிலோமீட்டர் கணக்கு. 78-ஐத் தாண்டினால் இன்னும் 12 கி.மீ. என்று மனக்கணக்கு போட்டுக்கொள்ளலாம். மான்ட்ரியலிலிருந்து மொத்தம் சுமார் ஒன்றரை மணி நேரம்.

படி 3: நோல்டனில் அரை நாள்

புத்தகக் கடையில் த்ரீ பைன்ஸுக்கென்றே தனி மூலை உண்டு. தொடரை இன்னும் தொடாதவர்கள் 2005-ல் வந்த முதல் நாவலை இங்கேயே வாங்கிவிடலாம். பிறகு காரை விட்டுவிட்டு நடந்தே சுற்றுங்கள், ஊர் அவ்வளவுதான். அருங்காட்சியகத்தில் முதல் உலகப்போர் கால ஜெர்மன் ஃபோக்கர் டி-7 விமானம் ஒன்று நிற்கிறது. நாவலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, இருந்தாலும் விடாதீர்கள்.

சாப்பாடு வாத்து. 1912 முதல் இங்கே வாத்துப் பண்ணைத் தொழில் உண்டு. முதல்முறை என்றால் ‘கான்ஃபி’ கேளுங்கள்: வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைத்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். ‘மாக்ரே’ நெஞ்சுக்கறி, உள்ளே சிவப்பாகவே வரும், வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். பில்லில் இரண்டு வரி சேரும், 5% ஒன்று, 9.975% இன்னொன்று. டிப்ஸை வரிக்கு முந்தைய தொகைக்குக் கணக்கிட்டால் போதும்.

படி 4: மடாலயம்

243-ல் கிழக்கே சவுத் போல்டன் போய், ஆஸ்டின் வழியாகச் சென்றால் மெம்ஃப்ரேமேகாக் ஏரிக்கரையில் சேன்-பெனுவா-து-லாக் மடாலயம். 2012-ல் வந்த கமாஷ் நாவலின் மடத்துக்குத் தூண்டுதல் இதுதான். துறவிகள் பாடும் கிரிகோரியன் பாடலுக்காகத்தான் (பழைய லத்தீன் தேவாலயப் பாட்டு) போகிறீர்கள் என்றால் வழிபாட்டு நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இடைப்பட்ட நேரத்தில் போனால் கட்டடம்தான் மிச்சம். துறவிகள் செய்யும் ‘எர்மீட்’ நீலப் பாலாடைக்கட்டி அங்கேயே கடையில் கிடைக்கும். வாசனை காரை நிரப்பிவிடும், இரண்டு பை போட்டுக் கட்டுங்கள்.

படி 5: நார்த் ஹாட்லி

மேகாக் வழியாக 108-ஆம் சாலை. மாசவிப்பி ஏரிக்கரையில் இருக்கும் மேனுவார் ஹோவி என்ற விடுதிதான் இன்னொரு கமாஷ் நாவலில் வரும் பெல்ஷாஸ் விடுதிக்கு மூலம். 1900-ல் அட்லாண்டாக்காரர் ஒருவர் கட்டிய மாளிகை. அறை வாடகை கையைக் கடிக்கும். சாப்பிட மட்டும் என்றாலும் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பின்சேர்க்கை

அக்டோபரில் இலைகள் சிவக்கும் வாரங்களில் தங்குமிடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதக்கணக்கில் முன்பே போடவும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஐந்து படிகளையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். போல்டன் மலைப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆஃப்லைன் மேப்பை மான்ட்ரியலிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ‘குறுக்கு வழி’ என்று காட்டும் பலவும் தார் போடாத சரளைச் சாலைகள். பனி உருகும் ஏப்ரலில் அவை சேறு. ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் சக்கரம் புதைந்தால் இழுவை வண்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும்.