புதன்கிழமை மத்தியானம் ரீஸ்டார்ட்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஆதார் கைரேகை வைக்க ஒரு மெஷின். நவம்பர் வந்தால் மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். எங்கள் பக்கம் வடகிழக்கு மழை பிடிக்கும் மாதமும் அதுதான்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, அருவங்காடு ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் நனைந்துகொண்டே வந்தார். விரல் சில்லிட்டுப்போய் ரேகை விழவே இல்லை. "இருங்க தாத்தா, சூடா ஒரு டம்ளர் டீயைப் பிடிச்சா சரியாயிடும்" என்று எதிர்க்கடைக்குப் போனேன். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பினால் திரையில் விண்டோஸ் அப்டேட் வட்டம் சுற்றுகிறது, பன்னிரண்டு சதவீதம். முக்கால் மணி நேரம் ஆனது. அவருடைய கடைசி பஸ் போய்விட்டது. "ஏம்மா, இதுக்கும் வயசாயிடுச்சா?" என்று கேட்டார். ஜீப் வாடகையை நான்தான் கொடுத்தேன்.

தப்பு என்னுடையது. அப்டேட்டை முடிக்க ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி கம்ப்யூட்டர் ஒன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் "அப்புறம்" என்று தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். ஆக்டிவ் ஹவர்ஸ், அதாவது தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நம் வேலை நேரம், காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்று இருந்தது. ஐந்து மணிக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்ததும், ஆள் இல்லை என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

அதனால் முதல் வேலை, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அங்கே ஆக்டிவ் ஹவர்ஸ். அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். நான் காலை ஏழு முதல் இரவு பத்து வரை வைத்திருக்கிறேன். அதே பக்கத்தில் ரீஸ்டார்ட் தேவைப்படும்போது தெரிவிக்கச் சொல்லும் பட்டனையும் ஆன் செய்யுங்கள்.

இது மட்டும் போதாது. ராத்திரி நேரத்தில் தானே ரீஸ்டார்ட் ஆகிக்கொள்ளும் என்பதுதான் இதன் கணக்கு. நம் ஊர்க் கடைகளில் ராத்திரி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுத்தானே கிளம்புகிறோம்? அப்புறம் எங்கே ரீஸ்டார்ட் ஆவது? முடியும்வரை உட்கார்ந்திருக்கலாம் என்றால், எட்டு மணிக்கு மேல் எங்கள் சந்தில் கரடி வரும். வர்க்கி வாசனைக்கு பேக்கரிப் பக்கம்தான் முதலில் போகும், ஆனால் அதை நம்பி நான் நடக்க முடியாது.

ஆகவே நேரத்தை நாமே ஒதுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2003 முதல் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை என்றால் நமக்கு ராத்திரி பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. புதன் காலை கடை திறந்ததும் டவுன்லோட் ஆகத் தொடங்கும். மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் இருக்காது. நான் சாப்பிடும் நேரம். அப்போது ரீஸ்டார்ட். காலண்டரில் அந்தப் புதன்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன், அமாவாசைக்குப் பக்கத்தில் இன்னொரு விரதம் மாதிரி.

எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் மெஷினில் முதலில் போட்டு, வீண்தாளில் ஒரு பிரிண்ட், ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கைரேகை மெஷினை ஆதாரோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற சாஃப்ட்வேர் ரெடி என்று காட்டுகிறதா பாருங்கள். எல்லாம் சரி என்றால் மறுநாள் கவுன்டர் மெஷின். ஏதாவது கெட்டுவிட்டால் அப்டேட் ஹிஸ்டரிக்குள் அன்இன்ஸ்டால் இருக்கிறது.

கரண்ட் விஷயம். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை ஒன்று லைனில் விழுந்தால் போதும். பாதி அப்டேட்டில் கரண்ட் போனால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பழைய நிலைக்கே திரும்பிவிடும், ஆனால் அந்தத் திகில் தேவையில்லை. என் யூபிஎஸ் கால் மணி நேரம்தான் தாங்கும். காற்று ஊளையிடும் நாளில் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஒரு நாள்தான், ஒன்பது நாள் அல்ல. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள்.

"தினமும் ஆஃப் பண்ணித்தானே ஆன் பண்றேன்" என்பவர்கள் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் பாருங்கள். என் மெஷினில் 23 நாள் காட்டியது! ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். விண்டோஸின் உள்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்து, காலையில் அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை மாற்ற முடியாது என்பதால்தான் இந்தத் தொல்லையே. ஓடும் பஸ்ஸில் டயர் மாற்ற முடியுமா?

ராத்திரி "அப்டேட் அண்ட் ஷட் டவுன்" அழுத்துகிறவர்கள், மானிட்டர் கறுத்ததும் மெயினை அணைத்துவிடாதீர்கள். சிபியூ விளக்கு அணையட்டும். காலையில் ஆன் செய்யும்போது மீதியை முடிக்கும், அதற்கும் பத்து நிமிஷம் முன்னதாகக் கடை திறங்கள்.

அப்டேட்டையே மொத்தமாக நிறுத்தித் தருகிறேன் என்று சர்வீஸுக்கு வந்த பையன் ஒருவன் சொன்னான். வேண்டாம் என்றேன். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. என் கடையில் ஊர்க்காரர்களின் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகின்றன.

மூன்றாவது மெஷின் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின். நெட் கேபிளைக் கழற்றி, ஸ்கேன் எடுத்து அப்படியே பிரிண்ட் போட மட்டும் வைத்திருக்கிறேன். அதன் யூஎஸ்பி ஓட்டைகளில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். பென் டிரைவோடு வருகிறவர்கள் கவுன்டருக்கு வரவும்.