அந்தமானில் கேமரா லென்ஸை மூடிய வெண்புகை

ஹேவ்லாக் தீவில் மூன்று நாள் காலாபத்தர் கடற்கரையின் சூரிய உதயம் கைநழுவியது. அங்கே ஐந்து மணிவாக்கில் விடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து லென்ஸ் முழுக்க வெண்புகை. துணியால் துடைத்தால் நொடியில் மறுபடி படிந்தது. பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டும் பயனில்லை. பூஞ்சையோ என்று பயந்துவிட்டேன்.

நான்காம் நாள்தான் கவனித்தேன், ஏசி அறைக் கதவைத் தாண்டியதும் என் மூக்குக்கண்ணாடியும் மங்கியது. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படுகிறது, அவ்வளவுதான்!

மறுநாள் நாலு மணிக்கே, அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி வராந்தாவில் வைத்தேன். கவரின் வெளிப்பக்கம் முத்துமுத்தாய் நீர் கோத்தது. கேமராவின் குளிர் விடட்டும் என்று முக்கால் மணி நேரம் பிரிக்கவே இல்லை. எடுத்தபோது லென்ஸ் பளிச்சென்று இருந்தது. அப்பாடா, படம் கிடைத்தது.