போர் விமான மாதிரியை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் முன்

கையால் செய்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலில் போய் நிற்க வேண்டாம். முதலில் அருங்காட்சியகப் பொருள்களுக்குப் பொறுப்பான காப்பாட்சியருக்குப் படங்களுடன் எழுதுங்கள். எந்த விமானம், எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டின் வண்ணப்பூச்சு, என்ன மரம், என்ன பசை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அளவையும் சென்டிமீட்டரில் சொல்லுங்கள். 11.23 மீட்டர் இறக்கை விரிவுள்ள ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் 1/72 விகிதத்தில் 16 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1/24 என்றால் 47 சென்டிமீட்டர் வேண்டும். இடத்துக்குத்தான் அங்கே எப்போதும் தட்டுப்பாடு.

பார்த்துச் செய்த வரைபடங்கள், பழைய புகைப்படங்களின் நகல்களையும் சேர்த்துக் கொடுங்கள். என்னைக் கேட்டால், சில சமயம் மாதிரியைவிட அந்தக் கோப்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

மரத்தில் பூச்சி அரித்த துளை இருந்தால் மறைக்காதீர்கள். மற்றப் பொருள்களுக்கும் பரவும். மாதிரிக்குள் பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள். பொதி கட்டும்போது குமிழி உறையை (பபிள் ராப்) நேரடியாகப் பெயின்ட் மேல் சுற்றினால் தடம் பதியும். இடையே அமிலமற்ற மெல்லிய தாளை வையுங்கள்.

நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் உரிமை அவர்களுடையது. எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அது உறுத்தினால், குறிப்பிட்ட காலத்துக்கு இரவலாக வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.